ஓவியாசிரியர் நந்தலால் போஸ்

சென்னைப் பட்டணத்து எழும்பூர் நூதனசாலையை முற்காலப் பாமர மக்கள் ‘செத்த காலேஜ்’ என்று வழங்கினர். மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. கல்கத்தாவில் சௌரங்கி வீதியில் நிற்கும் இந்திய நூதனசாலையையோ வங்காளிகள் ‘ஜாதுகர்’, அதாவது மாயவீடு, என்று அழைக்கின்றனர். பெயர் ஊருக்கு ஊர் வேறுபடினும், அத்தகைய கட்டிடத்தினுள் வைத்த பொருள் உயிரோடிருக்கிறதா, உயிர் நீங்கிற்றா என்னும் ஐயம் இவ்விரண்டிலும் ஒளிந்திருக்கிறது. இந்த ஐயத்தைப் பேச்சால் அன்றித் தூரிகையும் கையுமாக இருந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர் நந்தலால் போஸ். வங்க நாட்டில் பிழைக்க வந்து, வங்காளியின் அண்டை வீட்டில் குடியிருக்கும் நாம், நம் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லித்தர வேண்டிய சரித்திரங்களுள் அவருடையதும் ஒன்று.

நந்தலால் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் கரக்பூரில் பிறந்தார். நம் காலனி அன்பர்கள் சிலர் இதைக் கேட்டு, அவர் நமது ஊரினர் எனப் பெருமை கொள்வதுண்டு. அது வேறு கரக்பூர். பீகாரில், ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலை இருக்கும் அதே முங்கேர் மாவட்டத்தில், ஹவேலி கரக்பூர் என்று ஓர் ஊர் உண்டு. அவருடைய தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தமையால் குடும்பம் அங்கே இருந்தது. ஆகவே நந்தலாலும் ஒரு வகையில் வெளிமாநிலத்து வங்காளியே. பிழைப்புக்காக வீட்டை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை. தாயார் க்ஷேத்திரமணி தேவி மண்ணாலும் துணியாலும் பொம்மை செய்வதில் வல்லவர். மகனுக்கு எட்டு வயதாகும்போதே அவ்வம்மையார் காலமாகிவிட்டார். ஆயினும் அவர் கைப்பழக்கம் பிள்ளையிடம் தங்கிற்று. ஊரில் குயவர் பானை வனைவதையும் பொம்மை பிடிப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்பதே சிறுவனின் பொழுதுபோக்கு.

பதினைந்தாம் வயதில் உயர்நிலைப் படிப்புக்காகக் கல்கத்தா வந்தார். 1902-இல் பிரவேசப் பரீட்சை தேறினார். அதற்குமேல் கல்லூரிப் படிப்பு ஓடவில்லை. ஒரு கல்லூரியில் தவறினால் இன்னொரு கல்லூரி, அங்கும் தவறினால் வேறொன்று என்று அலைந்து, இறுதியில் பிரசிடென்ஸி கல்லூரியில் வணிகம் பயிலப் புகுந்தும் பயனில்லை. இதற்கிடையே 1903-இல் சுதீரா தேவியாருடன் திருமணமும் நடந்துவிட்டது. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இப்பகுதி சற்றே ஆறுதல் தருவது. பாடப் புத்தகத்துக்கென வீட்டார் அனுப்பும் பணம் சித்திரப் பத்திரிகைகளுக்கும் படங்களுக்கும் செலவாகிக்கொண்டிருந்தது. படிப்பில் பலமுறை தோற்ற பிறகே, கல்கத்தா சர்க்கார் கலைப்பள்ளியில் சேர வீட்டார் இசைந்தனர். ஆண்டு 1905.

அவர் சேர்ந்தபோது அப்பள்ளி பெருங்கலகம் ஒன்றைக் கடந்து வந்திருந்தது. பள்ளித் தலைவர் ஈ. பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர் முன்பு சென்னைக் கலைப்பள்ளியில் தலைவராக இருந்தவர். நம் நாட்டுக் கைவினைஞரை அங்கேயே நெருங்கிப் பழகி அறிந்தவர். 1896-இல் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டதும், பள்ளியோடு இணைந்த சர்க்கார் சித்திரசாலையைப் பார்வையிட்டார். அங்கே சுவர் நிறைய ஐரோப்பிய ஓவியங்களே தொங்கின. அவற்றுட் பல மூன்றாந்தரப் படங்களும் பிரதிகளுமாம். ஹாவெல் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றிவிட்டு, அப்பணத்தில் மொகலாயச் சிற்றோவியங்களையும் நம் நாட்டு உலோகச் சிற்பங்களையும் வாங்கிச் சேர்த்தார். இதற்குக் கல்கத்தாவின் படித்த மக்கள் கொதித்தெழுந்தனர். மேல்நாட்டு உயர்கலையை இந்தியருக்குக் கிட்டாமற் செய்யும் வஞ்சனை இது என்று பத்திரிகைகள் எழுதின. மாணவர் சிலர் பள்ளியைத் துறந்து தனிப் பள்ளியே கண்டனர். நம் பாட்டன் வரைந்ததை நமக்குக் காட்டியதற்காக ஓர் அந்நியன் வசை கேட்டான் என்பது இன்று நினைக்க வியப்பாகத் தோன்றலாம். எனினும் ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம் என்று வளர்ந்த தலைமுறையின் அச்சத்தை நாம் எளிதில் பழிப்பதற்கில்லை.

அந்தச் சித்திரசாலையில்தான் கவி இரவீந்திரரின் உறவினரான அவனீந்திரநாத தாகூருக்குக் கண் திறந்தது. ஹாவெல் காட்டிய ஒரு நாரையின் மொகலாயச் சித்திரத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்து, இறகுகள் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கக் கண்டு அவர் பிரமித்தாராம். அவனீந்திரர் பள்ளியின் உபதலைவரானார். அவர் காலடியில் வந்து அமர்ந்த முதல் மாணவர் கூட்டத்தில் ஒருவர் நந்தலால். பிற்காலத்தில் சென்னைக் கலைப்பள்ளித் தலைவராகி, மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவனீந்திரரின் மாணவரே.

1907-இல் கல்கத்தாவில் கீழ்த்திசைக் கலைச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் பொருட்காட்சியில் நந்தலாலின் சிவன்–சதி ஓவியம் 500 ரூபாய்ப் பரிசு பெற்றது. அந்நாளில் அது ஒரு குமாஸ்தாவின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்ட தொகையாக இருந்திருக்கும். நந்தலால் அதைக் கொண்டு வீடு கட்டவில்லை, ரயில் ஏறினார். காசி, ஆக்ரா, தில்லி, மதுரா என்று வட நாட்டைச் சுற்றினார். தென்னாட்டுக் கோயில்களையும் கண்டார். ஓவியம் பயில்வோன் தன் நாட்டுக் கல்லையும் சுதையையும் நேரில் தொட்டுப் பார்த்தாலன்றி உண்மை அறியான் என்பது அவர் கொள்கையாயிற்று. பிற்காலத்தில் தம் மாணவரையும் ஆண்டுதோறும் இவ்வாறே அழைத்துச் சென்றார்.

அவர் வாழ்வின் பெரிய பள்ளிக்கூடம் அஜந்தா. அக்குகைகளின் கதை, நூதனசாலைகளை நம்புவோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கம்பெனி ஆட்சியில் ராபர்ட் கில் என்னும் இராணுவ அதிகாரி பல்லாண்டு அங்கே தங்கி எழுதிய பிரதிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த லண்டன் பளிங்கு மாளிகையில் 1866-இல் தீப்பற்ற, ஏறக்குறைய எல்லாம் எரிந்தன. பின்னர் பம்பாய்க் கலைப்பள்ளியைச் சார்ந்த கிரிஃபித்ஸ், தம் மாணவருடன் 1872 முதல் மீண்டும் எழுதினார். அவையும் லண்டனுக்குச் சென்று, தென் கென்ஸிங்டன் நூதனசாலையில் 1885-இல் நேர்ந்த தீயில் அவற்றுட் பல அழிந்தன. பிரதிகளுக்கு இக்கதி என்றால் மூலத்துக்கு வேறு கதி. தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுவரின் மேல் பூசிய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்து வண்ணங்களை மங்கச் செய்தது. காப்பாற்றப் போன கையே கேடு செய்ததற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டா.

மூன்றாம் முறையாக அப்பணியை ஏற்றவர் ஹெர்ரிங்ஹாம் சீமாட்டி. 1909-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் வந்தபோது, நிவேதிதா அம்மையாரின் தூண்டுதலால் நந்தலால், அசித குமார் ஹால்தார், மைசூர் வெங்கடப்பா முதலிய இளைஞர்கள் உதவிக்கு அனுப்பப்பட்டனர். நிஜாம் எல்லைக்குட்பட்ட ஃபர்தாபூர் கிராமத்தருகே கூடாரம் அடித்து, நாள்தோறும் குகைக்கு நடந்து, மங்கிய ஒளியில் வேலை செய்தனர். பிரதி எடுத்தல் என்றால் நகல் எடுக்கும் எந்திர வேலை என்று நாம் நினைக்கிறோம். ஆபீஸில் நகல் எடுப்பவன் பொருளை அறிய வேண்டியதில்லை, இது அத்தகையதன்று. உடைந்த சுவரில் பாதி விரல் இருக்கும், மீதி இராது. பழைய ஓவியன் அக்கோட்டை எங்கே தொடங்கி, எந்த வேகத்தில் இழுத்து, எங்கே தூக்கினான் என்பது கைக்குத் தெரிந்தாலன்றிப் பிரதி நிற்காது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆசிரியர் ஒருவரிடம் நந்தலால் பாடங் கேட்டார் என்றே சொல்ல வேண்டும். அதுவரை அவர் படங்களில் இருந்த மென்மையான நீர்வண்ணப் புகைமூட்டம் அதன் பிறகு விலகத் தொடங்கிற்று; கோடு வலுப்பெற்றது. 1921-இல் குவாலியர் சமஸ்தானத்தின் பாக் குகைகளுக்கும் ஹால்தார், சுரேந்திரநாத கர் ஆகியோருடன் சென்று அங்கே அழிந்துவந்த ஓவியங்களைப் பிரதி செய்தார்.

இங்கே ஒரு தமிழரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கொழும்புச் சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி அந்நாட்களில் கல்கத்தாவில் தாகூர் இல்லத்தில் தங்கியிருந்தார். தாகூர் குடும்பத்தின் கலைச்செல்வங்களுக்கு அவர் அட்டவணை எழுதியபோது நந்தலால் உடனிருந்து உதவினார். நிவேதிதையும் குமாரசுவாமியும் எழுதி 1913-இல் வெளிவந்த இந்து, பௌத்தப் புராணக் கதைநூலுக்கும் நந்தலால் படங்கள் வரைந்துள்ளார். குமாரசுவாமி தாம் திரட்டிய ஓவியங்களையும் சிற்பங்களையும் காசியில் ஒரு தேசிய நூதனசாலை கண்டால் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். கட்டிடம் எழுப்ப நாட்டில் ஒருவரும் முன்வரவில்லை. 1917-இல் அத்தொகுதியின் பெரும்பகுதி அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. குமாரசுவாமியும் அதன் காப்பாளராகி 1947-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். இதில் பாஸ்டன்காரரைக் குறை கூற என்ன இருக்கிறது?

இரவீந்திரர் 1919-இல் சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தைத் தொடங்கினார். நந்தலாலை ஒருபுறம் குருவான அவனீந்திரர் கல்கத்தாவுக்கு இழுக்க, மறுபுறம் கவி தம் ஆசிரமத்துக்கு இழுத்தார். சில காலம் இருவரிடையேயும் அல்லாடி, 1922 முதல் கலாபவனத்தின் தலைவராக நிலைபெற்று, 1951-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணிபுரிந்தார். மாணவர் அவரை ‘மாஸ்டர் மசாய்’ என்றனர்; அப்பெயரே நிலைத்துவிட்டது.

அவர் நடத்திய பள்ளியில் பாடத்திட்டம் என்று கெடுபிடியான ஒன்று இல்லை. ஆயினும் வேலைக்குக் குறைவில்லை. மரத்தை வரையுமுன் மரம் எவ்வாறு வேரூன்றி நிமிர்கிறது என்று பார்க்க வேண்டும். எருமையை வரையுமுன் அது எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது என்று பார்க்க வேண்டும். தாமே சட்டைப்பையில் கார்டுகளை வைத்துக்கொண்டு, வழியில் கண்ட சந்தாலப் பெண், நாய், பனைமரம், வண்டி என்று நாள் தவறாது எழுதினார். அவ்வாறு எழுதிய கார்டுகளைத் தபாலில் நண்பருக்கும் மாணவருக்கும் அனுப்பிவிடுவார். எத்தனை ஆயிரம் என்று எண்ணியவரில்லை.

கலாபவனத்துக்குள்ளேயே ஒரு சிறு நூதனசாலையையும் அவர் வளர்த்தார். 1924-இல் கவியுடன் சீனாவும் ஜப்பானும் சென்றபோது அங்கிருந்து கொண்டுவந்த மைப்படிகள், அஜந்தா, பாக் பிரதிகள், கிராமத்துப் படங்கள், பொம்மைகள், நெசவுத் துணிகள் யாவும் அதில் இடம் பெற்றன. பூட்டி வைத்து வேடிக்கை காட்டும் சாலையன்று அது. மாணவன் எடுத்துப் பார்த்து, அதன் செய்முறையை அறிந்து, தானும் செய்து பார்ப்பதற்காக ஏற்பட்டது. வங்காளக் கிராமத்துப் பெண்கள் அரிசிமாவுக் கரைசலால் தரையில் இடும் ஆல்பனாவை, நம் பெண்டிரின் மாக்கோலத்துக்கு உடன்பிறப்பாகிய அக்கலையை, கல்லூரிப் பாடமாக உயர்த்தியவர் நந்தலால். சுகுமாரி தேவி என்னும் அம்மையாரை அதற்கு ஆசிரியையாக அமர்த்தினார். பட்டம் பெறாத ஒரு பெண்மணி, கை அறிந்த வித்தைக்காக ஆசிரியை ஆனார். குவார்ட்டர்ஸ் வாசலில் விடியற்காலையில் புள்ளி வைக்கும் நம் தாய்மார் இதனைக் கவனிக்கவேண்டும்.

சுவரோவிய ஆராய்ச்சியில் அவர் காட்டிய பொறுமை தனியே எழுதத் தக்கது. அஜந்தாவைக் கண்டவருக்குச் சுவரில் எழுதும் ஆசை வராதிராது. ஆனால் எவ்வாறு எழுதினர் என்பது மறைந்துபோன வித்தை. பழைய நூல்களைப் படித்தும், இத்தாலிய முறையை முயன்றும், சாந்திநிகேதனச் சுவர்களிலேயே சோதனை நடத்தினார். சில உதிர்ந்தன, சில நிறம் மாறின. அப்போது ஜெய்ப்பூரில் அவ்வித்தை கொத்தனார் குடும்பங்களில் இன்னும் உயிரோடிருப்பதை அறிந்து, 1927-இல் நரசிங்கலால் என்னும் மேஸ்திரியைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். நன்கு ஊறிய சுண்ணாம்பு, பளிங்குத்தூள், ஈரம் காயுமுன் வண்ணம் இடுதல், பின்பு கல்லால் தேய்த்து மெருகேற்றுதல் என்ற அம்முறையை ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே மேஸ்திரியிடம் கற்றனர். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவரைக் கண்டவருக்கு இது எளிதில் விளங்கும். ஓவியாசிரியர் கொத்தனாருக்குச் சீடரானதில் அவருக்கு ஒரு குறைவும் தோன்றவில்லை. கற்றதைச் சில்பசர்ச்சா என்னும் நூலில் பிறர்க்குப் பயன்படும்படி எழுதியும் வைத்தார். அவர் இவ்வாறு சுவரோடு போராடிய காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சூழ்ந்த இருட்பாதையில் சோழர் ஓவியம் பிற்காலப் பூச்சின் கீழ் மறைந்தே கிடந்தது. 1931-இல்தான் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார்.

இனி ஹரிபுராவுக்கு வருவோம். 1936-இல் லக்னோ காங்கிரஸில் கலைப்பொருட்காட்சி அமைக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் பைஸ்பூரில், கிராமத்தில் நடந்த முதல் காங்கிரஸுக்கு மூங்கிலும் கீற்றும் கொண்டு பந்தல் நகரையே சமைத்துக் கொடுத்தார். 1938 பிப்ரவரியில் குஜராத்தில் தபதி நதிக்கரையில் ஹரிபுரா காங்கிரஸ் கூடிற்று. சுபாஷ் சந்திர போஸ் தலைவர். காந்தியடிகளின் விருப்பம் தெளிவானது. கிராமத்தான் நகரத்துச் சித்திரசாலைக்குப் போகப் போவதில்லை. அவன் நடக்கும் பாதையில் ஓவியம் அவனைத் தேடி வரவேண்டும். உள்ளூரில் கிடைக்கும் மலிவான பொருளே பயன்பட வேண்டும்.

நந்தலால் கையால் செய்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். மண் வண்ணங்களைக் குழைத்தார். தச்சன், சக்கிலியர், தையற்காரர், மத்தளம் அடிப்பவன், மல்லன், நெல் குத்தும் பெண், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், காளையை அடக்குபவன் என்று நாம் நாள்தோறும் பார்த்தும் பாராத மக்களை, ஒவ்வொருவரையும் ஒரு வளைவின் கீழ், தெய்வத்தை மாடத்தில் வைப்பது போல் வைத்து எழுதினார். தடித்த கோடு, தயக்கமற்ற வேகம். அவர் தம் கையால் எழுதியவை எண்பதுக்கு மேல். அவற்றைப் பார்த்து மாணவர் எழுதியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 400 ஆயின. வாயில்களிலும் கொட்டகைகளிலும் வெயிலிலும் காற்றிலும் அவை தொங்கின. அஜந்தாவில் கற்ற கோடும், பட சித்திரக்காரரிடம் கற்ற வேகமும், மேஸ்திரியிடம் கற்ற பணிவும் ஓரிடத்தில் கூடியது ஹரிபுராவில்தான் என்பது என் அபிப்பிராயம். அவருடைய புராண ஓவியங்களை மிகுதியாகப் போற்றுவோர் உண்டு. நான் இவற்றையே மேலாக வைப்பேன்.

பரோடாவில் கீர்த்தி மந்திரத்தின் நான்கு சுவர்களிலும் 1939 முதல் சில ஆண்டுகள் கங்கை இறங்கியது, மீராவின் வாழ்வு, நடியின் பூசை, அபிமன்யு வதம் ஆகியவற்றை எழுதினார். சுதந்தரம் வந்தபின் அரசியல் சட்டத்தின் மூலப்படியை, பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையெழுத்தில் எழுத, அதன் பக்கங்களை அணி செய்யும் பணி நந்தலாலுக்கும் அவர் மாணவர்க்கும் அளிக்கப்பட்டது. முகவுரைப் பக்கத்தை அணி செய்தவர் ஜபல்பூர்க்காரரான மாணவர் பியோஹர் ராம்மனோகர் சின்ஹா. 1954-இல் பத்ம விபூஷண் விருது கிட்டிற்று. வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், திரைப்படக் கலைஞர் சத்யஜித் ராய் என்று அவரிடம் பயின்றவர் பலர். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றதால் கல்லூரிக் கதவு அடைபட்ட ஒரு சென்னை மாணவரும் 1944-இல் அங்கே வந்து சேர்ந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கே. ஜி. சுப்ரமணியன் அவர். நந்தலால் 1966 ஏப்ரல் 16-இல் மறைந்தார்.

மறைவுக்குப் பின் நிகழ்ந்ததும் இச்சரித்திரத்தைச் சேர்ந்ததே. 1976-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச்செல்வம் என அறிவிக்கப்பட்டன. அவற்றை இனி வெளிநாட்டுக்கு விற்க இயலாது. குமாரசுவாமியின் செல்வம் கப்பலேறிய நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தது நன்றே. பின்னர் அவர் குடும்பத்தாரிடமிருந்து ஏறத்தாழ 7,000 படைப்புகள் தில்லி தேசிய நவீன சித்திரசாலைக்கு வந்து சேர்ந்தன. ஹரிபுராவின் ஓவியங்களும் இன்று அங்கேதான் பெரும்பாலும் இருக்கின்றன. 2019-இல் இத்தாலியில் வெனிஸ் நகரப் பொருட்காட்சியில் இந்திய மண்டபத்துச் சுவரிலும் அவை தொங்கின. சித்திரசாலைக்குப் போகாதவனுக்காகக் காற்றில் தொங்கவிட்ட காகிதம், சித்திரசாலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இது நல்லதா? மழையிலும் கறையானிலும் அழிந்திருந்தால் நாம் எதைப் பார்த்திருப்போம் என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. என்றாலும் அப்படங்களில் உள்ள தச்சனும் தையற்காரனும் அங்கே வாயில் கடந்து உள்ளே வருகிறார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டேயிருக்கிறது.

ஹௌராவிலிருந்து போல்பூருக்கு வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் சாந்திநிகேதனம். பழைய நூலகத்துச் சுவரோவியங்களையும் சீனபவனத்து நடியின் பூசையையும் அங்கே காணலாம். கலாபவன வளாகத்தில் ‘காலோ பாரி’, அதாவது கரிய வீடு, என்று ஒரு கட்டிடம் உண்டு. 1930-களில் நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவரும் கூடி மண்ணால் கட்டி, சுவர் முழுதும் மண்ணாலேயே சிற்பம் புடைத்து, மழைக்குத் தாங்கும்படி மேலே தார் பூசினர். எகிப்து, அசிரியா, பார்ஹுத் என்று பல நாட்டு நூதனசாலைகளில் உள்ள உருவங்கள் அச்சுவரில் உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் கட்டிடத்தைச் சுற்றி வெளிப்புறமாகவே பார்க்கவேண்டும். அது மாணவர் விடுதியாக அமைந்தது; கொடியில் அவர்களுடைய வேட்டியும் சட்டையும் உலர்ந்துகொண்டிருக்கும்.